உட்கூரை மட்டம்

கவுன்சிலில் எத்தனையோ பிரிவுகள் இருக்கின்றன. குப்பை அள்ளுவதற்கு ஒன்று, குப்பை அள்ளவில்லை என்ற முறைப்பாட்டைக் கேட்பதற்கு ஒன்று. எதற்குப் போன் எடுத்தாலும் பாட்டுத்தான் கேட்கும். உட்கூரை மட்டப் பிரிவை அந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. கூப்பிட்டால் வருவார்கள், கூப்பிடாவிட்டாலும் வருவார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வணக்கம் சொன்னவரின் முகத்தைப் பார்க்காமல் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள். கூரைக்குக் கீழே மனிதர்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. அது வேறு பிரிவின் வேலை.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் வசிக்கும் புவனேந்திரன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வேலை செய்த காலமெல்லாம் ரோட்டையே பார்த்துப் பழகியவரைக் கூரையைப் பார்க்க வைத்தது அவர் மனைவி பாலாம்பிகைக்கு வந்த பாரிசவாதம். அது ஒரே காலையில் அவளுடைய வலது பக்கத்தையும், கடைக் கவுண்டரில் நின்று பழகிய ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை இடது கையும் யாழ்ப்பாணத் தமிழும்தான். ஆஸ்பத்திரிக்காரர் அவளைத் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு நேர்சிங் ஹோமில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். அங்கே அவள் தண்ணீர் கேட்டால் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். அழுதால், "இன்று நன்றாகப் பாடினார்" என்று புவனேந்திரனிடம் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

அவர் போகும்போதெல்லாம் அவள் ஒன்றைத்தான் கேட்பாள்.

"இஞ்சருங்கோ, வீட்டை போவம்."

வீட்டுக்குக் கூட்டிப்போவதில் ஒரு சிக்கல் இருந்தது. படுக்கை அறைகள் எல்லாம் மாடியில். அதனால் புவனேந்திரன் கீழே இருந்த முன்னறையைத் திருத்தினார். வெடித்த பழைய உட்கூரையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் பிளாஸ்டர் பலகை அடித்து, நடுவில் விளக்குக்கு ஒரு பெட்டி வைத்து, அதற்கு நேர் கீழே ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றையும் போட்டார். ஜன்னலுக்கு, பாலாம்பிகை கை நன்றாக இருந்த காலத்தில் தைத்த திரைச்சீலையைத் தொங்கவிட்டார். அறைக்கு மட்டப் பிரிவின் சான்றிதழ் கிடைத்த மறுநாளே அவளைக் கொண்டுபோகலாம் என்று சோசல் வேர்க்கர் சொல்லியிருந்தாள். புவனேந்திரன் அன்றைக்கே போய்ப் புதுத் தலையணை வாங்கினார். பாவம்.

மட்டப் பிரிவிலிருந்து முதலில் வந்தவன் கிளின்ரன். கொழும்புத்துறையில் பிறந்து குறொய்டனில் வளர்ந்த பிள்ளை. கவுன்சில் அட்டை கழுத்தில் தொங்கியது. அவனுடைய வலது கைச் சுட்டுவிரல் நகம் மட்டும் நீளமாக வளர்ந்து, அரம் போட்டுக் கூராக்கப்பட்டிருந்தது. ஏணியில் ஏறி, கண்ணை மூடி, பலகையிலிருந்து பெட்டியின் விளிம்பை நோக்கி அந்த நகத்தை மெல்ல இழுத்தான். கீழே நின்ற புவனேந்திரன் காரணம் தெரியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"தடக்குது அண்ணை."

"என்ன தம்பி தடக்குது?"

"நகம். பொக்ஸ் நூலளவு உள்ளுக்கை போயிருக்கு. பலகையின்ரை முகமும் பொக்ஸின்ரை விளிம்பும் ஒரே மட்டமாய் இருக்கோணும். இடைவெளி இருந்தால் பொறி பறந்து மரத்திலை பத்தும்."

விதி நியாயமானதுதான். வீடுகள் எரியக்கூடாது என்று யாரோ ஒரு புத்திசாலி எழுதி வைத்தது. அந்தப் புத்திசாலி எப்போதோ ஓய்வுபெற்றுப் போய்விட்டார். பிரிவில் மிஞ்சியவர்கள் நகம் வளர்ப்பவர்கள்.

மின்வேலை செய்த தர்சிகன் வந்து பெட்டியைக் கீழே இறக்கினான். கிளின்ரன் திரும்ப வந்தான், ஏறினான், இழுத்தான்.

"இப்ப வெளியிலை வந்திட்டுது அண்ணை."

"எவ்வளவு?"

"பெயின்ற் தடிப்பு."

"தம்பி, உள்ளுக்கை போனால் நெருப்புப் பத்தும் எண்டீர். வெளியிலை வந்தால் என்ன பத்தும்?"

கிளின்ரன் கொஞ்சம் யோசித்தான். "ஒண்டும் பத்தாது அண்ணை. ஆனால் நகம் தடக்குதே."

தர்சிகன் ஏணிக்குக் கீழே நின்று கெட்ட வார்த்தையில் ஏதோ முணுமுணுத்தான். அவன் மூன்றாவது தடவை பெட்டியைக் கழற்றிப் பூட்டியபோது புவனேந்திரனே ஏணியில் ஏறி, தன் நகத்தால் தடவிப் பார்த்தார். அவருடைய நகம் பஸ்காரரின் நகம், கட்டையானது. அதற்கு எதுவும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் சுட்டுவிரல் நகத்தை வெட்டுவதை நிறுத்தினார்.

இந்த முறை பாஸாகும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் பாலாம்பிகையின் தங்கை பிரமிளா பஞ்சாங்கத்தோடு வந்து இறங்கினாள்.

"அத்தான், அக்கா குடிவரப்போற அறை. பால் காய்ச்சாமல் வெள்ளைக்காரன்ரை கவுன்சிலைக் கூப்பிட்டுச் சடங்கு செய்விக்கிறியளோ? நாளைக்குக் காலமை நல்ல நேரம். அவங்கள் மத்தியானம்தானே வருவாங்கள்?"

சரியான பேச்சுத்தான். புதுவீட்டில் பால் பொங்காமல் யார் படுப்பார்கள்? மறுநாள் காலை அந்த அறையின் நடுவில், கட்டிலை ஒதுக்கிவிட்டு, காஸ் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினார்கள். வெளியே உறைபனி, ஜன்னலும் கதவும் சாத்தியிருந்தன. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. பிரமிளா வழிந்த பாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பால் பொங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். வந்த சனத்துக்கு என்று அதே அடுப்பில் பெரிய பானையை ஏற்றிப் பொங்கல் புக்கையும் கிண்டினாள். ஆவி எழுந்து மேலே போயிற்று. மேலே, இன்னும் சரியாகக் காயாத புதுப் பலகை அதைத் தாகத்தோடு குடித்தது.

மத்தியானம் கிளின்ரன் புக்கை சாப்பிட்டு, கை கழுவி, ஏணியில் ஏறினான். நகத்தை இழுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணை, பலகை தொய்ஞ்சிருக்கு. காலமை என்ன செய்தனீங்கள்?"

"பால் காய்ச்சினாங்கள்."

"உள்ளுக்கையோ?" அவன் அவசரமாக இறங்கினான். "இது இனி என்ரை கையிலை இல்லை அண்ணை. கூரை அசைஞ்சால் விசாரணை. திருமாறன் சேரிட்டைப் போகோணும்."

திருமாறன் மட்டப் பிரிவின் தலைவர். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, படித்து முடித்து, கவுன்சிலில் நுழைந்து, படிப்படியாக மேலே ஏறியவர். பிரிவின் மிக மூத்த நகம் அவருடையது. அதற்கு வெல்வெட்டில் ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார். பஸ்ஸில் போகும்போது அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருப்பார் என்றும், தன் குழந்தைகளை இடது கையால் மட்டுமே தூக்கி வளர்த்தார் என்றும் கிளின்ரன் பக்தியோடு சொன்னான்.

விசாரணை அறையில் கூரையின் பாதியைக் காணவில்லை. கம்பிகள் தொங்கின. ஒழுகிய தண்ணீர் ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. புவனேந்திரன் அதையே பார்ப்பதைத் திருமாறன் கவனித்தார்.

"எங்க கட்டடம் எங்க அதிகாரத்துக்குக் கீழ வராது, மிஸ்டர் புவனேந்திரன். டாக்டர் தன் தொண்டைக்குள்ள தானே டார்ச் அடிச்சுப் பார்க்க முடியுமா? உட்காருங்க. வாளியைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க."

புவனேந்திரன் உட்கார்ந்தார். "சேர், என்ரை மனுசி படுத்த படுக்கை. அங்கை ஒருத்தருக்கும் அவவின்ரை பாஷை விளங்காது. தண்ணி கேட்டாலும் விளங்காது. எவ்வளவு கெதியாய் ஏலுமோ, அவ்வளவு கெதியாய்..."

"அதையேதான் நானும் சொல்றேன்," என்று திருமாறன் மேசையில் தட்டினார், உறை போடாத கையால். "படுத்த படுக்கைன்னா என்ன அர்த்தம்? நாள் முழுக்க மேலதான் பார்ப்பாங்க. நடமாடறவனுக்குக் கூரை ஒரு ஓரத்துல இருக்கு. அவங்களுக்கு அதுதான் உலகம். அந்த உலகம் ஒரு நூல் இறங்கி இருந்தா அந்த அம்மா மனசு என்ன பாடுபடும்? நீங்க அவசரப்படறீங்க. அவங்க மேல உண்மையான அன்பு இந்தப் பிரிவுக்குத்தான் இருக்கு."

புவனேந்திரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படி ஒரு கோணத்தில் தான் யோசிக்கவே இல்லையே என்று நினைத்தார். நல்ல மனிதர்களுக்கு இதுதான் வியாதி; எவன் உரக்கப் பேசினாலும் பிழை தன் பக்கம் என்று நம்பிவிடுவார்கள்.

"நான் இதுவரைக்கும் ஆயிரக்கணக்கான வீட்டுக்கு 'இல்லை' சொல்லியிருக்கேன்," என்று திருமாறன் தொடர்ந்தார். "ஒரு வீட்டிலயாவது தீப்பிடிச்சதா? பிடிக்கலை. ஏன்? யாரும் குடி போகலை. அதுதான் பாதுகாப்பு." பக்கத்தில் குறிப்பெடுத்தவர்கள் தலையாட்டினார்கள். வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

தீர்ப்பு இரண்டு பகுதியாக வந்தது. கூரை முழுவதையும் பிடுங்கிப் புதிதாக அடிக்க வேண்டும். அதற்கு முன், அறையில் படுக்கப்போகும் பயனாளியின் அபிப்பிராயத்தை நேரில் எடுக்க வேண்டும்.

அப்படியாக ஒரு செவ்வாய்க்கிழமை திருமாறனும் கிளின்ரனும் நேர்சிங் ஹோமுக்கு வந்தார்கள். கையில் ஒரு துண்டுப் பிளாஸ்டர் பலகை, நடுவில் பொருத்திய மாதிரிப் பெட்டி. பாலாம்பிகை மல்லாந்து படுத்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். கிளின்ரன் பலகையை அவள் முகத்துக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். வெளிச்சம் மறைந்ததும் அவள் பயந்து கண்ணை உருட்டினாள்.

"அம்மா," என்றார் திருமாறன் இனிமையாக. "மட்டமா இருக்கா, பாருங்க. அவசரமில்லை."

அவள் பலகைக்குப் பக்கத்தால் தலையைச் சரித்துப் புவனேந்திரனைத் தேடினாள். "இஞ்சருங்கோ, வீட்டை போவம்."

"கேட்டீங்களா?" திருமாறன் நிமிர்ந்தார். "இன்னும் பார்க்காத கூரைக்கு ஆசைப்படறாங்க. இது ஒருதலைப்பட்சம். இந்த வாக்குமூலத்தை ஏத்துக்க முடியாது. கிளின்ரன், திரும்பக் கேளு."

கிளின்ரன் திரும்பக் கேட்டான். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை சொல்லவில்லை, அழுதாள். பக்கத்தில் நின்ற தாதி, "பாருங்கள், பாடுகிறார்" என்றாள்.

அப்போதுதான் புவனேந்திரன் அண்ணாந்து பார்த்தார். பாலாம்பிகையின் கட்டிலுக்கு நேர் மேலே, நேர்சிங் ஹோமின் கூரையிலிருந்து விளக்குப் பெட்டி ஒன்று முழுதாகக் கழன்று, இரண்டு வயரில் தொங்கியபடி ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி! அதைப் பாரும்!"

கிளின்ரன் பார்த்தான். தொழில் தெரிந்தவன் என்பதால் முகம் கோணிற்று. "பழைய கட்டடம் அண்ணை. விதி வாறதுக்கு முன்னம் கட்டினது. அதுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லேலாது."

"விழுந்தால்?"

"விழுந்தால் நிலத்திலை கிடக்கும் அண்ணை. நிலம் வேறை பிரிவு."

வீட்டில் கூரை மறுபடி பிடுங்கப்பட்டது. தர்சிகன் இனி வரமாட்டேன் என்று போனை வைத்துவிட்டதால் புவனேந்திரனே வேலையில் இறங்கினார். பலகையைத் தானே சுமந்து அடித்தார். பெட்டியைத் தானே திருகினார், இறக்கினார், ஏற்றினார், பூச்சுப் பூசினார், உரஞ்சினார். அதற்குள் அவர் நகம் நன்றாக வளர்ந்து கூராகியிருந்தது. கோயிலுக்குப் போனால் மூலஸ்தானத்தைப் பார்க்காமல் மேலே விளக்கைப் பார்த்தார். கலியாண வீட்டில் மாப்பிள்ளை தாலி கட்டியபோது, "மண்டபத்திலை ஒரு பொக்ஸும் மட்டமில்லை" என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார். நேர்சிங் ஹோமுக்கு நாள் தவறாமல் போனவர், பூச்சு காயும் வரை அறையை விட்டு நகரக்கூடாது என்று சில நாட்கள் போகாமல் விட்டார். பிரமிளா போய்வந்து, "அக்கா இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை அத்தான்" என்றாள். அவர் ஏணியில் நின்றபடி, "கதவைச் சாத்து, காத்து வருது" என்றார்.

கடைசியில் திருமாறனே வந்தார். வெல்வெட் உறையைக் கழற்றிக் கிளின்ரனிடம் கொடுத்தார். ஏணியில் ஏறிக் கண்ணை மூடி, பலகையில் நகத்தை வைத்து இழுத்தார். பலகை முடிந்து பெட்டி தொடங்கிய இடத்தை நகம் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். இறங்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"என் சர்வீஸ்லயே இது முதல் தடவை," என்றார். "தடுக்கலை."

புவனேந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப சேர், நாளைக்கே அவவைக் கொண்டுவரலாமோ?"

"கொண்டுவரணும்! திறப்பு விழாவுக்கு அவங்க இல்லாமலா?"

"என்ன திறப்பு விழா?"

திருமாறன் அவர் தோளில் கை போட்டார். இப்படி ஒரு மட்டத்தைச் சும்மா விட்டுவிட முடியாது என்றார். இது இனிப் பிரிவின் மாதிரி அறை; நாடு முழுவதிலிருந்தும் பயிற்சியாளர்கள் வந்து பார்ப்பார்கள். சான்றிதழ் இன்றே தருகிறார். ஒரே ஒரு நிபந்தனை: அறையின் ஈரப்பதம் ஏறக்கூடாது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில் கூடாது, அடுப்புக் கூடாது, யாரும் படுத்துத் தூங்கக் கூடாது.

"தூங்கக்கூடாதோ?"

"மூச்சு விடுவாங்களே, மிஸ்டர் புவனேந்திரன். ஒரு மனுஷன் ராத்திரி முழுக்க மூச்சு விட்டா ஒரு பால் பானைக்குச் சமம். உங்களுக்கே தெரியுமே. விழா அன்னிக்குக் கொஞ்ச நேரம் படுக்க வைப்போம். அப்புறம் மீட்டர் என்ன சொல்லுதோ அதுபடி."

புவனேந்திரன் மனதில் ஒரு திட்டம் உருவாகிவிட்டது. அவள் ஒருமுறை இந்தக் கட்டிலில் வந்து படுக்கட்டும். அதற்குப் பிறகு எவன் தூக்குகிறான் பார்ப்போம். 'அவ இனி எங்கையும் போகமாட்டா. இது எங்கடை வீடு.' இந்த வசனத்தை டிராமில் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பழகினார்.

விழாவன்று அறைக்குள் சனம் நிறைந்திருந்தது. எல்லோரும் சப்பாத்தில்லாமல், அண்ணாந்தபடி. ஆவி எழும் என்பதால் தேநீர் கிடையாது, குளிர்ந்த கோலா. சுவரில் ஈரப்பத மீட்டர் ஒன்று சின்னச் சிவப்புக் கண்ணோடு தொங்கியது. அம்புலன்சில் கொண்டுவந்த பாலாம்பிகையைச் சக்கர நாற்காலியோடு வீட்டு நடையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பயனாளியின் பார்வையில் மட்டம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக அவளுடைய கட்டிலில் மல்லாந்து படுத்து எழுந்தார்கள். "ஆகா" என்றார்கள். புதுத் தலையணையில் பல தலைகளின் எண்ணெய் படிந்தது.

அதற்குப் பிறகு அவளைக் கிடத்தினார்கள். கமராக்காரர் மேலே பார்க்கச் சொன்னார். அவள் மேலே பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். திரைச்சீலையின் ஓரத்தில் தன் கைத் தையலைக் கண்டுகொண்டாள். சாமிப் படத்தைப் பார்த்தாள். பிறகு புவனேந்திரனைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு பக்கம் மட்டும் அசைந்த சிரிப்பு.

"வந்திட்டம், என்ன?"

"ஓம். வந்திட்டம்."

"பால் காய்ச்சினனீங்களோ?"

"காய்ச்சினாங்கள்."

"பொங்கினதோ?"

"நல்லாய்ப் பொங்கினது, பாலா."

அவள் நிம்மதியாக நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மீட்டர் கீச்சிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் மூச்சை அடக்குங்க," என்றார் திருமாறன். மீட்டர் நிற்கவில்லை. "சரி. அம்மாவைக் கிளப்பிடலாம்."

அம்புலன்ஸ்காரர் இருவர் முன்னால் வந்தார்கள். புவனேந்திரன் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார். டிராமில் பழகிய வசனம் தொண்டைக்கு வந்துவிட்டது. பாலாம்பிகை இடது கையால் அவர் மணிக்கட்டைப் பற்றினாள். மீட்டர் இன்னும் வேகமாகக் கீச்சிட்டது. அவர் வாயைத் திறந்தார். திறக்கும்போது, அத்தனை மாதப் பழக்கம், கண் தானாக மேலே போயிற்று. பெட்டியின் விளிம்பில், பலகை சேரும் இடத்தில், ஒரு மெல்லிய நிழல். இருந்ததோ இல்லையோ, அவருக்குத் தெரிந்தது.

"மட்டம் போகப்போகுது!" என்று கத்தினார். "கெதியாய்த் தூக்குங்கோ!"

தூக்கினார்கள். அவள் கை அவர் மணிக்கட்டை விடவில்லை. "என்னை விடாதேங்கோ. இஞ்சருங்கோ, என்னை விடாதேங்கோ." அம்புலன்ஸ்காரருக்குப் பாஷை விளங்கவில்லை, விளங்கியவர்கள் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். புவனேந்திரன்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "நாளைக்கு வாறன், பாலா, நாளைக்கு வாறன்" என்று சொல்லிக்கொண்டே பிரித்தார். அவள் நகங்கள் அவர் தோலைக் கீறிக்கொண்டு போயின.

"பார்த்தீங்களா!" திருமாறன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அறை அவங்களுக்கு எவ்வளவு பிடிச்சிருக்கு! போகவே மனசில்லை! ஒரு பிரிவுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேணுமா?"

கைதட்டினார்கள். கிளின்ரன் புவனேந்திரனுக்குப் பொன்னாடை போர்த்தினான். நடையிலும் பிறகு வாசலிலும் அவள் குரல் கேட்டது. கதவு சாத்தப்பட்டதும் மீட்டர் அடங்கிற்று.

எல்லோரும் போனபின் புவனேந்திரன் பொன்னாடையோடு ஏணியில் ஏறினார். மணிக்கட்டில் கீறல்கள் எரிந்தன. கண்ணை மூடி, பலகையில் நகத்தை வைத்து, பெட்டியைச் சுற்றி மெல்ல இழுத்தார். எங்கேயும் தடக்கவில்லை.